மிஷினுக்கு நெற்றி எங்கே?

மன்னி,

சுக்கு வாசனை வருகிறது. கீழே இருக்கிற கிடங்கிலிருந்து இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. வாசனை நம் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. பிராசஸருக்கு ஒரு டெஸ்ட் ஓடவிட்டேன். சூடு ஏற ஏற உள்ளே விசிறி இரைந்தது. இத்தனை வருஷமாகக் கீழேயிருந்து ஏறி வந்து உள்ளே குடியிருந்த சுக்குத் தூளையெல்லாம் சுடச்சுட அறைக்குள் ஊதித் தள்ளியது. கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் நீங்கள் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, "பாரு, பாரு, நம்பர் வரப் போறது" என்று சொல்கிற மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தால் அந்த நாற்காலியில் மடிக்காத துணிதான் கிடக்கும் என்று தெரியும்.

நம் வீட்டில் பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். கல்யாண வீடியோவில் போடுகிற பெயர்கள்கூட மலையாளத்தில்தான் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன். நாம் போட்ட சண்டையெல்லாம் தமிழில்தானே.

டெஸ்ட் ஓட்டும்படி ஆனது உங்கள் மகளால். பெங்களூரிலிருந்து போன வாரம் கூப்பிட்டாள். "அத்தை, அம்மா பண்ணின அந்தப் பெட்டியை இன்னும் வச்சுண்டு அழறேளா? அதுல பிராசஸர் போயிருக்கும். பழைய சாமான் எடுக்கற ஆக்ரிக்காரன் வந்தா தூக்கிக் கொடுத்துடுங்கோ. நான் புதுசா லாப்டாப் அனுப்பறேன்" என்றாள். காயத்ரியைக் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நாளாக மிஷின் படுத்துகிற பாடு அப்படி. ஒரு பள்ளுருத்திக் கல்யாணத்தை எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன். தாலி கட்டுகிற இடம் வந்ததும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. பெண் தலையைக் குனிந்தபடி, பையன் கையைத் தூக்கியபடி, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. தாலி மட்டும் ஏறவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்னை அடிக்க வருவார்கள்.

ஆனாலும் ஆக்ரிக்காரன் என்று அவள் சொன்னதும் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "டெஸ்ட் பண்ணிப் பாக்காம போச்சு போச்சுன்னா என்னாக்கும் அர்த்தம்? உங்கம்மா இருந்து இதைக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பா" என்றேன். பிராசஸர் நிஜமாகவே போயிருந்தால் நானே தூக்கிக் கொடுத்துவிடுவது, நன்றாக இருந்தால் அவள் இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது என்று பேசி முடித்தோம். "செரி, ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கோ" என்றாள். வாய்ச்சொல்லை நம்ப மாட்டாளாம். யார் பெண்?

மிளகு ஏற்றுமதிக் கம்பெனியின் லேபில் ஈரம் பார்க்கிற வேலை உங்களுக்கு. அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னால் "ருசி பாத்தியா, சும்மா சொல்றியா?" என்பீர்கள். மழை விட்டாச்சு என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பீர்கள். அண்ணா உங்களுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்தார்.

அந்த அண்ணா போனார். அடுத்த மாரிக்கு முன்னால் உங்கள் லேப் வேறு ஊருக்குப் போயிற்று. நான் வேலை பார்த்த போர்ட் கொச்சி ஸ்டுடியோவையும் மூடினார்கள். கல்யாணம் கட்டாமல் அண்ணன் வீட்டோடு தங்கிவிட்ட நாத்தனார் நான், பள்ளிக்கூடம் போகிற பெண், நீங்கள். எனக்கு ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருந்தது. நீங்களோ ஒரு நாள் சாயாவை ஆற்றிக்கொண்டே, "டீ, ஊரான் வீட்டுக் கல்யாணத்தை நாம இங்கேயே இருந்து எடிட் பண்ணினா என்ன? நீ எடிட்டிங் பாரு. மிஷின் நான் உண்டாக்கறேன்" என்றீர்கள். ஏதோ தோசை வார்க்கிறேன் என்கிற மாதிரி.

எர்ணாகுளத்திலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கிக்கொண்டு படகில் திரும்பிய சாயங்காலத்தை நான் அடிக்கடி நினைப்பேன். நினைப்பதா, கனவில் வருவதா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தூறல் போட்டது. வெலிங்டன் தீவின் கிரேன்கள் மழைக்குள் கரைந்துபோய், தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. பெரிய பெட்டிகளைப் புடவைத் தலைப்பால் மூடிவிட்டு நீங்கள் நனைந்துகொண்டிருந்தீர்கள். பிராசஸர் இருந்த சின்னப் பெட்டியை மட்டும் கீழே வைக்கவே இல்லை. இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தீர்கள். "இது ஒண்ணு சரியா இருந்தா மதி, அது போதும், மத்ததெல்லாம் பின்னாலே வந்துக்கும்" என்றீர்கள். படகு போய்க்கொண்டே இருந்தது. கரை வராமலே போய்க்கொண்டிருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சம்மதம்தான்.

வீட்டில் நவராத்திரி. சாமான்களை எல்லாம் புத்தகங்களோடு சேர்த்துப் பூஜையில் வைத்துவிட்டேன். விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம் என்று நான் சொன்னதும் உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம். உங்களுக்குப் பூஜை, நல்ல நேரம், ராகுகாலம் எதிலும் ஒட்டுதல் கிடையாது. அண்ணா போனதிலிருந்து குங்குமச் சிமிழையும் என் அலமாரிக்கு மாற்றிவிட்டீர்கள். "எனக்கு முன்னேயும் அதுல நம்பிக்கை இல்லை, இப்போவும் இல்லை" என்றீர்கள்.

விஜயதசமியன்று சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினீர்கள். நான் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். பெட்டிக்கு ஒரு பொட்டு வைக்கணும் என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? புது மிஷின் இல்லையோ. கடையில தராசுக்கு வைக்கறா, காருக்கு வைக்கறா."

"மிஷினுக்கு நெத்தி எங்கே இருக்குன்னு காட்டு. வச்சுக்கோ."

நான் பெட்டியின் முன்பக்கத்தைக் காட்டினேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் காயத்ரி உள் அறையிலிருந்து என்னவென்று கேட்டாள். கிண்ணத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு சாயா போடப் போனேன். திரும்பி வந்தபோது பிராசஸர் மேல் கூலரை வைத்துத் திருகி முடித்திருந்தீர்கள். "நானும் பாக்கணும்னு சொன்னேனே, அதுக்குள்ளே என்ன அவசரம்?" என்று சண்டைக்கு வந்தேன். "சாயா ஆறிடும், குடி" என்று சொல்லிவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டீர்கள். பிராசஸரின் சூடு கூலருக்கு ஏறுவதற்காக நடுவில் தடவுகிற பேஸ்ட் ஒட்டிவிட்டதாம்.

மிஷின் ஓடியது. அடேயப்பா, என்ன ஓட்டம்! ஆனால் உங்களுக்கு ஓடினால் போதாதே. டெஸ்ட் பண்ண வேண்டும். திரையில் ஒரு வீட்டின் படம் கட்டம் கட்டமாக நிறையும். நிறைகிற வரை பிராசஸர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும். முடிவில் மார்க் வரும். ஊர் உலகத்தில் அதே பிராசஸர் வைத்திருக்கிறவர்கள் வாங்கின மார்க்கையும் பக்கத்தில் காட்டும். நமக்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வந்தது. எப்போது ஓட்டினாலும் அதே கொஞ்சம். சூடும் எல்லாருக்கும் இருப்பதைவிடக் கூடுதல். சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வெயிலில் நடக்கிறவர்கள் நடையைக் குறைக்கிற மாதிரி என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்.

மார்க் குறைந்ததும் உங்கள் முகம் சுருங்கிப் போகும். அப்புறம் ஊரைத் திட்டுவீர்கள். "இது கொச்சியாக்கும். இங்கே காத்தே நனைஞ்சுதான் வரது." இன்னொரு நாள் கரண்டைத் திட்டுவீர்கள். மற்றொரு நாள் கீழே சுக்கு உலர்த்துகிறவர்களை. ஒரு தடவை நான், "கூலரைக் கழட்டிப் புதுப் பேஸ்ட் போட்டுப் பாக்கலாமே மன்னி" என்றேன். என்னமோ உங்கள் கழுத்தில் கை வைத்த மாதிரித் திரும்பினீர்கள். "தூசியைத் துடை, விசிறியைத் துடை. கூலரை மட்டும் தொடாதே." அந்தக் குரலுக்கு நான் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் குறைந்த மார்க்கோடுதான் நாம் பிழைத்தோம். எத்தனை மத்தியானம்! நான் வேலையை முடித்து வீடியோவை மிஷினிடம் கொடுத்துவிடுவேன், அது மெல்ல மெல்லச் சமைத்துக்கொண்டிருக்கும். வெளியே மழை. கீழே சுக்கு மூட்டை இறக்குகிறவர்கள் மெதுவான குரலில் பேசுவது கேட்கும். நீங்கள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவீர்கள். விசிறியின் இரைச்சலும் மழையின் இரைச்சலும் ஒன்றாகி எது எது என்று தெரியாமல் போகும். யாரோ ஒரு பெண் திரையில் மாலையோடு சிரித்துக்கொண்டிருப்பாள். விசிறி சத்தம் குறைந்தால் மட்டும் கண்ணைத் திறக்காமலே, "கழிஞ்சுதா?" என்பீர்கள். இன்னும் முடியலை, தூங்குங்கோ என்பேன். அந்த மத்தியானங்களில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை மன்னி. அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம்.

இன்றைக்கு முதல் டெஸ்டில் மார்க் படுமோசம். தூசியை எல்லாம் துடைத்து மறுபடி ஓட்டினேன். பழைய இடத்துக்கு வந்தது, அதே கொஞ்சம் குறைவு. காயத்ரிக்கு அது போதாது. இனி ஒரே வழிதான். மிஷினை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் கூலரின் திருகுகளைக் கழற்றினேன். கழற்றும்போது உங்கள் நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை.

பேஸ்ட் சாம்பலாகக் காய்ந்து வெடித்திருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அடியில் பழுப்பாக ஒரு வட்டம், நடுவில் கருஞ்சிவப்பு. கருகிவிட்டது, போச்சு, காயத்ரி சொன்னதுதான் சரி என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். தூளாக வந்தது. இரும்பு கருகினால் தூள் வருமா? மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

சந்தனம், நடுவில் குங்குமம். வட்டமாக, அழகாக, நல்ல நாளில் நெற்றிக்கு வைக்கிற மாதிரி வைத்த பொட்டு. அதன் மேல் பேஸ்ட், அதன் மேல் கூலர், அதன் மேல் இத்தனை வருஷம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா! மிளகில் துளி ஈரம் இருந்தாலும் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவர், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சந்தனத்தை அப்பி வைத்துவிட்டு, கொச்சிக் காற்றைத் திட்டியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மார்க் ஏன் குறைகிறது என்று முதல் டெஸ்டிலேயே தெரிந்திருக்கும். துடைத்துவிட்டால் தீர்ந்தது. நீங்கள் துடைக்கவில்லை. என்னையும் தொடவிடவில்லை.

அப்புறம் அழுதேன். சிமிழையே வேண்டாம் என்று ஒதுக்கின கை, நான் சாயா போடப் போன நேரத்தில் அவசர அவசரமாக அந்தக் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது. உங்களுக்கும் பயமாக இருந்திருக்கிறது மன்னி. என்னைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி பயந்துகொண்டு, சாயா ஆறிடும் குடி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றைக்கே சொல்லியிருந்தால் சேர்ந்து பயந்திருக்கலாம்.

துடைக்க வெகு நேரம் மனசு வரவில்லை. ஆனால் மார்க் குறையும்போதெல்லாம் உங்கள் முகம் சுருங்கியதும் கண்ணுக்குள் இருக்கிறதே. அந்தப் பொட்டு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. காயத்ரி படித்து வேலைக்குப் போனாள், நாம் சாப்பிட்டோம். துடைத்தேன். உலோகம் புதிது மாதிரி பளபளவென்று வந்தது. புதுப் பேஸ்ட் போட்டு, கூலரை வைத்து, டெஸ்டை ஓட்டினேன். கட்டம் கட்டமாக வீடு நிறைந்தது. சூடு ஏறவில்லை. மார்க் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வருகிற மார்க். அதற்கு மேலேயே இரண்டு புள்ளி. பிராசஸருக்கு ஒன்றுமே இல்லை, என்றைக்குமே இல்லை. படகில் கைக்குள் வைத்துக்கொண்டு வந்தீர்களே, நல்ல உருப்படியாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

போட்டோ அனுப்பினேன். காயத்ரி உடனே கூப்பிட்டாள். "அய்யோ, இதெப்படி அத்தை? அம்மா இருக்கறச்சே கூட இவ்வளவு வந்ததில்லையே. என்ன பண்ணினேள்?"

"தூசி இருந்தது" என்றேன்.

"செரி, வச்சுக்கோங்கோ. நான் இனி ஒண்ணும் பறயலை" என்று சிரித்தாள். பொட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். இனி எனக்குப் பயம் வருகிறபோது, உங்களுக்கும் வந்தது, அதோடுதான் அவ்வளவும் நடத்தினீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அது போதும் எனக்கு.

பள்ளுருத்திப் பையன் தாலியைக் கட்டி முடித்துவிட்டான். பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். விசிறி சத்தமே இல்லாமல் ஓடுகிறது.

சந்தனம் குழைத்துப் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். மிஷினுக்கு நெற்றி எங்கே என்று அன்றைக்குக் கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை, பெட்டியைக் காட்டினேன். உங்களுக்குத் தெரிந்திருந்தது.