அட்டைக் கல்லறை

அன்புள்ள நைனாவுக்கு, வெரோனிகாவின் தோத்திரம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

நேற்று நான் வேலை செய்யும் வீட்டார் பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் போட்டு, ஹாலோவீன் விழாவுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அங்கே அட்டையில் கல்லறை செய்து மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்மா இருந்திருந்தால், “இன்னாடி இது, கல்லறையில வெளையாட்டு?” என்று கேட்டிருக்கும்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மழை வந்தால் மெழுகுவர்த்திக்குக் குடை பிடியுங்கள். செஞ்சி கடைத்தெருவில் சாமந்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டுப் பாப்பா எழுந்துவிட்டது, இதைப் போனில் அனுப்பிவிட்டு முடிக்கிறேன். அம்மா பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள். இவ்வளவு தூரத்திலிருந்து அடக்கத்துக்குத்தான் வர முடியவில்லை. நேற்று நான் கும்பிட்ட கல்லறையில் பெயரே இல்லை, நைனா.

வெரோனிகா