வாய் பேசாத அம்மாவின் வளவு உறுதி

அன்பு மகள் தக்ஷாயினிக்கு, செட்டிபாளையத்திலிருந்து அம்மா எழுதுவது. நானும் கோழிகளும் நல்ல சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது. மெல்பேர்ன் குளிரில் நீயும் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். சட்டம் படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் உன் பல்கலைக்கழகம் கேட்பதைப் பார்த்தால், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை. இரண்டு பேர் நற்சாட்சி சொல்ல வேண்டும், பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து முத்திரை குத்த வேண்டும், ஆங்கிலச் சோதனை எழுத வேண்டும், அந்த ஆங்கிலமும் யோகட் தயிர் மாதிரி இரண்டு வருடத்தில் பழுதாகிவிடுமாம். சரி, மகளுக்காகத்தானே என்று புளியந்தீவு டவுனுக்கு பஸ்ஸில் அலைந்தேன்.

படிப்புச் செலவுக்கு ஆதாரமாக என் பெயரில் உள்ள வளவு உறுதிப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டாய். அச்சடிக்கச் சொல்லி போட்டோக்கொப்பிக் கடை ரதீஸுக்கு நீ அனுப்பிய படிவங்களோடு, உன்னைப் பற்றி நீ எழுதிய கட்டுரையும் தவறி வந்துவிட்டது. அவன் அதைக் கடையில் நின்றவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினான். எங்கள் ஊரில் பெண்ணுக்கு ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லையாம், உன் அம்மா புருஷன் வீட்டு மூலையில் வாய் பேசாமல் கிடந்தவளாம். சேலை விற்க வரும் ஹஸீனா, "இவ வாய் பேசாதவவா? அப்ப பேசுறவ ஆருகா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவோ, "எண்ட மகள் எனக்கொரு வீடு தந்திருக்காள், அது எங்க இருக்கெண்டு கேட்டு எழுது" என்கிறார். பாவம் மனிதன், ஒரு தகரப் பெட்டியோடு, என் அம்மா எனக்கு எழுதித் தந்த சீதன வீட்டுக்கு வந்தவர். இந்தப் பக்கத்து ஆண்கள் எல்லாரும் அப்படித்தானே வருகிறார்கள், மறந்துவிட்டாயா? நானும் சிரித்தேன், ஆனால் மனம் நொந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரே விண்ணப்பத்தில் காணியில்லாத அம்மாவும் அம்மாவின் காணி உறுதியும் போனால் அங்கே இருப்பவர்களுக்குக் கண்ணில்லையா? சட்டம் படிக்கும் முன்பே உனக்கு எதிராக நீயே வழக்கு எழுதி வைத்திருக்கிறாய். அழுதால்தான் இடம் தருவார்கள் என்று யார் சொன்னது?

மாத முடிவுக்குள் அனுப்பாவிட்டால் இந்த வருடம் போய்விடும், அது எனக்கும் தெரியும். உறுதி அலுமாரியில், சாவி என் இடுப்பில். கட்டுரையைத் திருத்தி ரதீஸுக்கே அனுப்பு, அவன் அதே ஆட்கள் முன்னால் வாசிக்கட்டும், அன்றைக்கே பிரதி வரும். இந்த வீடு நாளைக்கு உன் பெயருக்குத்தான் வரும் என்பதையும் அதில் ஒரு வரி எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு மகள், தலைக்கு எண்ணெய் வை. நீ நன்றாக இருப்பாய்.

இப்படிக்கு,
மூலையில் வாய் பேசாமல் கிடக்கும் உன் அம்மா,
தங்கேஸ்வரி