பதினொன்றின் எதிர்வீடு

1972 மார்ச் 6, திங்கள்

காலையிலேயே வெயில். பட்டாபிராமில் ரயில் தாமதம். அம்பத்தூரில் இறங்கிப் பள்ளிக்கு ஓட்டமும் நடையுமாக. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் 11 முதல் 20 வரை எழுதிய அட்டைகள் தயார்.

ஒன்றாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளெல்லாம் சரியாக அடுக்கிவிட்டன. கம்பெனி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஆறு பேர் மட்டும் மறுபடி அதே கூத்து. 11, 13, 15, 17, 19. அப்புறம் 12, 14... தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை நானே வந்து பார்ப்பேன். வரிசை தெரியாததுங்க திரும்ப ஒண்ணாங்கிளாஸ்தான்."

அந்த ஆறு பேரில் கஸ்தூரியும் ஒருத்தி. போன வாரம் அவள் அப்பா வாசலில் நின்று சொன்னது: "பெயிலாச்சுனா நிறுத்திட்றேன் டீச்சர். அவ அம்மாவும் வேலைக்குப் போவுது. தம்பியப் பாத்துகினு ஊட்ல கெடக்கட்டும்."

விட மாட்டேன்.

மார்ச் 7, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. வாங்க வேண்டியது: மிளகு, செருப்புக்கு வார்.

புளியங்கொட்டை எண்ணச் சொன்னேன். கஸ்தூரி பிசகாமல் எண்ணுகிறாள். அட்டையைக் கொடுத்தால் 11க்குப் பக்கத்தில் 13. பொறுமை போய்விட்டது. "யாருடீ உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"அப்டித்தான் டீச்சர் கீது."

"எங்க?"

"எங்க தெருவுல. பதினொண்ணு எங்க ஊடு. பக்கத்துல பதிமூணு, சரோஜாக்கா ஊடு."

"அப்ப பன்னெண்டு?"

"அது எதுத்தாப்புல கீது."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒற்றைப்படை ஒரு சாரி, இரட்டைப்படை எதிர்ச்சாரி. ஆறு பேரும் ஒரே தெரு. மக்கு, மக்கு என்று திட்டித் தீர்த்தேனே, அதுகள் தெருவை அப்படியே அடுக்கியிருக்கின்றன. சிரிப்பும் வந்தது, என்மேல் எரிச்சலும்.

மார்ச் 8, புதன்

பள்ளி விட்டதும் நேரே குவார்ட்டர்ஸ். வேலைவிட்டு வந்திருந்த கஸ்தூரியின் அம்மா துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். இன்னும் இரண்டு வீட்டுக் கயிறும் சேர்த்து முடிச்சு. 11ஆம் வாசலிலிருந்து எதிரே 12, அங்கிருந்து திரும்ப 13, மறுபடி எதிரே 14. வாசலுக்கு ஒருவர் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். பிள்ளை இல்லாத வீடுகளில் பெரியவர்கள். 16இல் மாவுக் கையோடு ஒரு அம்மா. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர்களுக்கு வழியில்லை, இறங்கி நின்றார்கள்.

"இன்னா டீச்சர், தெருவத் தச்சிகினு கீறீங்க?"

"ஆமா, கிழிஞ்சிருந்தது" என்றேன்.

பிறகு எல்லோரையும் கயிற்றை விடாமல் நடுத்தெருவுக்கு வரச் சொல்லி, இரண்டு முனையையும் இழுத்தோம். கயிறு நேரானது. 11, 12, 13, 14... தெரு நெடுக ஒரே வரிசை. கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள்.

"சரோஜாக்கா தள்ளிப் போய்ட்ச்சு டீச்சர். நடுவுல பன்னெண்டு பூந்துகிச்சு."

அவளை அள்ளித் தூக்கிக்கொண்டேன்.

மார்ச் 9, வியாழன்

தொண்டை போயே போச்சு. மிளகுக் கஷாயம். வகுப்பில் கயிறு. ஐந்து பேர் தேறிவிட்டார்கள். கஸ்தூரிக்குக் கயிறு இருந்தால் சரி, இல்லாவிட்டால் தடுமாற்றம். வீட்டில் இவர், "அது உன் பொண்ணா, என் பொண்ணா, இப்படிக் கவலைப்படறே?" என்கிறார்.

மார்ச் 10, வெள்ளி

தலைமை ஆசிரியை வந்ததும் முதல் காரியம்: "கயிறெல்லாம் எதுக்கு? எடுத்து வையுங்க."

ஐந்து பேர் மளமளவென்று முடித்தார்கள். கடைசியில் கஸ்தூரி. தரையில் 11 வைத்தாள். பக்கத்தில் 13. போச்சு. 15, 17, 19. த.ஆ. உச்சுக் கொட்டினார். கஸ்தூரி நிமிரவே இல்லை. எதிர்ச்சாரியில் 12, 14, 16, 18, 20. அப்புறம் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று நடுவுக்கு இழுத்தாள். இருபது வரை ஒரு பிசகில்லை.

"இது என்ன முறை?"

"எங்க தெரு, பெரிய டீச்சர்."

"பதினெட்டுக்கு முன்னாடி?"

"பதினேழு. எதுத்த ஊடு."

த.ஆ. என்னைப் பார்த்தார். "எல்லாரையும் மேல அனுப்புங்க."

ஜெயித்துவிட்டோம். கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாலை, பள்ளி வாசலில் கஸ்தூரியின் அப்பா, கம்பெனி உடுப்போடு. தம்பி அவர் இடுப்பில்.

"ரெண்டாங்கிளாஸுக்கு சிலேட்டே போதுமா டீச்சர், நோட்டு வாங்கணுமா?"

நோட்டு என்றேன். கோடு போட்டது.