கனவைச் சொல்ல ஓர் ஆள்

அம்பத்தூர் கம்பெனியில் கஸ்தூரிக்கு இன்று முதல் இரவு ஷிப்டு. கிளம்பும் அவசரத்தில், காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கணவன் உத்தமனுக்கு எழுதினாள்.

"மீன் கொழம்பு சட்டில கீது, சுட வச்சிக்கோ. சேக்காட்டுலேர்ந்து உங்க அக்கா வருது. மாத்திரை டப்பாவ அரிசி டின்னுல வச்சிட்டேன். எடுக்கும்போது சத்தம் கேக்கக் கூடாதுன்னு உள்ள பஞ்சும் அடைச்சிருக்கேன். இதெல்லாம் உன் வித்யா செய்வாளா?"

உத்தமனுக்கு எச்.ஐ.வி. இருப்பது அக்காவுக்குத் தெரியாது. கஸ்தூரிக்குத் தெரியும், அவளுக்குத் தொற்று இல்லை. வித்யா, ஆஸ்பத்திரி வரிசையில் அவனுக்குப் பழக்கமானவள். அவளுக்கும் அதே நோய், அதே மாத்திரை. தினமும் இரவு ஒன்பது மணிக்கு, மாத்திரை போட்டாச்சா என்று போன் செய்வாள். நேற்று அவளிடம் உத்தமன், மாத்திரை கொண்டுவரும் பயங்கரக் கனவுகளைச் சொல்லிச் சிரித்தான். அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

"கனவு காண்றது என் பக்கத்துல படுத்துகினு. சொல்றது அவ கிட்டயா?"

அவளுக்கு இருக்கிறது எனக்கும் இருந்திருந்தா, என்று அடுத்து எழுதிவிட்டு, தாள் கிழியும் வரை அதை அடித்தாள். அவன் வந்ததும் மாற்றும் லுங்கியின் மடிப்பில் சீட்டைச் செருகினாள். செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, அதை உருவி, அடியில் நெருக்கி எழுதினாள்.

"படிச்சிட்டு கிழிச்சிடு. ஒன்பது மணிக்கு அவளுக்கு முன்னாடி நான் போன் பண்ணுவேன். கனவு வந்தா, காலைல நான் வர்ற வரைக்கும் யார் கிட்டயும் சொல்லாத."