பன்னிரண்டாம் பாட்டில்

செண்பகனூர்,
ஆகஸ்ட் 1985

என் வார்டு போலீசம்மாவுக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுரை ஆஸ்பத்திரி ஜன்னலில் நீ வரிசையாக வைத்த பாட்டில்களில் கடைசிப் பாட்டில் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து கிட்னி கிழிந்து கிடந்தேனே, மூன்று வருடமாகிவிட்டது. "அறுத்தா கிட்னியையே எடுக்க வேண்டியிருக்கும். அசையாமக் கெடந்தா தானா ஆறும்" என்றார் டாக்டர். தினமும் வெள்ளனே என் மூத்திரத்தைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாய். முதல் நாள் பீட்ரூட் சாறு நிறம், ஐந்தாம் நாள் வரக்காப்பி நிறம். நான் இருமினால்கூட, "ஏங்க, சும்மா கெடங்க. கத்தி காத்துக்கிட்டு இருக்கு" என்று அதட்டுவாய்.

பன்னிரண்டாம் நாள் தெளிந்தது. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "குடிச்சுறாத புள்ள" என்றேன். அழுகையோடு சிரித்தாய். நம் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பன்னிரண்டு நாள்தான் எனக்குப் பிடித்தது.

மறுபடி மரம் ஏறினேன் என்று வத்தலக்குண்டில் உன் தங்கச்சி வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாய். "இன்னொரு தடவை பாட்டில் பிடிக்க எனக்குத் தெம்பு இல்லைங்க" என்றாய். நியாயம்தான். இன்றோடு ஏறுவதை விட்டேன். வெரசா வந்துவிடு.

இப்படிக்கு,
இரண்டு கிட்னியும் உள்ள உன் புருஷன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகிற வழியில், கடைசியாக ஒரு கூடை பறித்துவிடலாமே என்று ஏறினேன். ஏணி சரிந்து விழுந்துவிட்டது. இந்த வரிகளைக் கிளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னபடி அசையாமல்தான் இருக்கிறேன்.