யாருடைய முழங்கால்?

2003 செப்டம்பர் 16, செவ்வாய்

வார்டுக் கூட்டத்தில் என் வெள்ள வரைபடத்தைக் காட்டினேன். கம்ப்யூட்டரில் எட்டு மாத வேலை. அங்கன்வாடி கட்ட ஓடையோரம் பார்த்திருக்கும் இடம் பள்ளம், தண்ணீர் ஏறும், மேட்டுக்கு மாற்றுங்கள் என்பதுதான் விஷயம். "நூறாண்டு வெள்ளம்" என்று ஆரம்பித்தேன். எந்த வருஷமும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள வெள்ளம் என்று அர்த்தம்; அதைச் சொல்வதற்குள் கவுன்சிலர் லிங்கம் அண்ணாச்சிக்கு முகம் தெளிந்துவிட்டது. "நூறு வருசத்துக்கு ஒருக்காத்தானே? நமக்கு எலெக்ஷன் மூணு வருசத்துல வருதுல்லா."

ஓடைப் பாலத்தருகே தோசைக்கடை வைத்திருக்கும் உலகம்மை அக்கா படத்தின் நீலத்தைத் தடவிப் பார்த்தாள். "நல்ல கலரு மோளே. எங் கடையும் இதுல முங்கிக் கெடக்கா?" ஆமாம் என்றேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

செப்டம்பர் 22

நூறாண்டை ஒழித்தேன். "பத்து ஐப்பசித் துலாமழையில் இரண்டில் முழங்கால் அளவு தண்ணீர்" என்று எழுதி ஒட்டினேன். உடனே தகராறு. யாருடைய முழங்கால்? லிங்கம் அண்ணாச்சி ஆறடி. உலகம்மை அக்கா அவர் நெஞ்சுக்குத்தான் வருவாள். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் ஏழு பேருக்கு அளந்தேன். எம்.டெக். படித்தவள் செய்கிற வேலையா இது? தினமும் ஓடையோரம் நிற்பவள் என்பதால், கடைசியில் அக்காவின் முழங்காலே வார்டு அளவு என்று முடிவாயிற்று. நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.

செப்டம்பர் 23

இந்த அளவையும் சேர்த்து டில்லிக்கு எழுதிய என் அறிக்கையைப் படித்த எங்கள் ஆபீஸ் தலைவர் ராமசுப்ரமணியன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா ஜெயலக்ஷ்மி, யாரு இந்த உலகம்மை? டில்லிலேர்ந்து கேட்டா என்னன்னு சொல்றது?"

அடிக்குறிப்பு சேர்த்தேன்.

செப்டம்பர் 26

அக்கா சொல்கிறாள்: "ஒம் படம் தப்பு. பாலத்துக்கு அடியில வாழத்தண்டும் சாக்கும் அடைஞ்சுல்லா கெடக்கு. தண்ணி எப்படிப் போவும்?"

குனிந்து பார்த்தேன். பாதிக்கு மேல் அடைப்பு. என் கணக்கில் மட்டும் பாலம் கழுவித் துடைத்ததுபோல் இருக்கிறது. அடைப்பையும் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். இரண்டு முழங்கால். எட்டு மாசமா நான் என்னதான் பண்ணிட்டிருந்தேன் — ஒரு தடவை குனிஞ்சு பாக்கத் தோணலையே.

அக்டோபர் 3, வெள்ளி

அங்கன்வாடிக்குப் பார்த்த ஓடையோர இடத்திலேயே கூட்டம். இரண்டு முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தேன். "இம்புட்டுத்தானா" என்று லிங்கம் அண்ணாச்சி ஒரு காலைத் தூக்கித் தாண்டினார். வேட்டி மாட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் பின்னாலேயே பேத்தி லிபி ஓடி வந்து கயிற்றருகே நின்றாள். மூன்று வயது. அடுத்த வருஷம் இங்கேதான் சேர்ப்பதாக இருந்தார்கள். கயிறு அவள் வாய்க்கு நேராக இருந்தது.

அண்ணாச்சி குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார். கூட்டம் முடியும்வரை இறக்கவில்லை.

அக்டோபர் 4

மேட்டு இடம் என்று தீர்மானமாகிவிட்டது. "நான் மொதல்லயே சொன்னேன்" என்று அண்ணாச்சி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

2004 அக்டோபர் 20, புதன்

மூன்று நாளாக மழை. மதியம் புது அங்கன்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். லிபி மட்டும் உறங்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஓடையோரம் முதலில் பார்த்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, அங்க யாரு கொளம் வெட்டுனா?"

யாரும் வெட்டவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.