எட்டாவது குண்டூசி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அந்த ஆவல் இல்லை. உன் நலம்தான் நீ அனுப்பிய போட்டோவிலேயே பளபளவென்று தெரிகிறதே. இடுப்பில் கோடு போட்ட ஏப்ரன், ஒரு கையில் கரண்டி, மறு கையில் தட்டு, முகத்தில் என்னவோ உலகத்துக்கே சமைத்துப் போட்டுவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. ஏப்ரனின் கழுத்துப்பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. அதை நேராக இழுத்துவிடக்கூட இப்போது உன்னோடு இருக்கிற அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லையா?

உன் கடிதம் கிடைத்தது. உள்ளே வைத்திருந்த டிக்கெட்டும் கிடைத்தது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பிடிக்காத பேச்சு வந்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடும். கடிதத்தில் அந்தச் சாக்கு நடக்காது என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தபால்காரர் வந்தபோது நான் என் தையல் கடையில் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியது உன் பெண்டாட்டி. ஆமாம், இன்னும் அப்படித்தான் எழுதுவேன். நீ முகத்தைச் சுளித்துக்கொள். உறை மெல்லியது. உள்ளே இருப்பது டிக்கெட் என்று வெளிச்சத்தில் பிடிக்காமலே தெரியும். அதைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ஆறு நாள் போயிற்று. அவளைத்தான் உனக்குத் தெரியுமே, எதைச் சொன்னாலும் "சரி அண்ணி", எதைச் சொல்லாவிட்டாலும் கிணற்றில் போட்ட கல்.

நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், நன்றாக இருக்கிறதா பார். "இன்னும் எதற்கு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறாய்? அவளுக்கு நீ யார்? இங்கே ஐந்தாம் மாதம் நடக்கிறது, கைக்கு ஒரு ஆள் வேண்டும். கிளம்பி வா." கைக்கு ஒரு ஆள்! உன் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து கல்யாணக் கோட்டு வரைக்கும் தைத்துப் போட்டவளுக்கு நீ கொடுக்கும் பட்டம் இது. போகவர டிக்கெட்கூட இல்லை, போக மட்டும். திரும்பி வருவேன் என்ற நினைப்பே உனக்கு வரவில்லை பார்.

ஆனால் நடுவில் கேட்டாயே, அவளுக்கு நீ யார் என்று, அது தைத்தது. பொய் சொல்வானேன், பயந்துபோனேன். வீடு அவள் பேரில் எடுத்த வீடு. பிள்ளைகள் அவள் பிள்ளைகள். தம்பியே விட்டுவிட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆன வீட்டில் தம்பியின் அக்காவுக்கு என்ன பாத்தியதை? "நீங்க உங்க தம்பிகிட்டயே போயிடுங்களேன் அண்ணி" என்று அவள் ஒரு நாள் சொன்னால் எனக்குப் பதில் கிடையாது. பதினான்கு வருஷமாக அவள் மடிக்கும் துணியிலிருந்து நறுக்கும் வெங்காயம் வரை குறை சொல்லியே வந்திருக்கிறேன். இருக்கட்டுமா போகட்டுமா என்று நானாக அவளிடம் போய்க் கேட்பதா? என் வாயில் அது வராது. அவள் வாயைப் பார்த்துக்கொண்டு ஆறு நாள் கிடந்தேன். அவளோ வாயைத் திறந்தபாடில்லை.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் உன் போட்டோவின் புண்ணியத்தில் இந்த வீட்டில் டாக்கோ என்கிற அந்த மெக்சிகோ மடிப்பு ரொட்டியைச் செய்தார்கள். பெரியவளுக்கு நீ அதை அனுப்பியிருந்தாய் அல்லவா, 'அப்பாவே செய்தது' என்று. இந்த வீட்டில் இருந்தவரை குடித்த தம்ளரைக் கழுவப் போட்டவனில்லை. அங்கே போய்ச் சமையற்காரனாகிவிட்டாயாக்கும். பெரியவள் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பதின்மூன்று வயதுக்கு அவள் முகம் அன்று ரொம்பப் பெரிய மனுஷி முகமாக இருந்தது. "அப்பா செஞ்சதப் பாருங்க, ஓரமெல்லாம் கருகிக் கெடக்கு. நாம செஞ்சா இதவிட மொறுமொறுன்னு வரும்" என்றாள். அவள் அம்மா போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி, சாயங்காலம் செய்யலாம்" என்றாள். அவ்வளவுதான். நானாக இருந்தால் போனைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பேன்.

செய்முறையும் போனில்தான். 'ஆசியச் சுவையில் மொறுமொறு சிக்கன் டாக்கோ' என்று பெயர். ஒருத்தன் வந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். பள்ளிக்கூடத்தில் ஆசியா வரைபடத்துக்கு வண்ணம் தீட்டி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு பென்சில் தீரும். இவன் அதை இரண்டு கரண்டி சோயா சாஸ், ஒரு துண்டு இஞ்சி, நாலு பல் பூண்டு, கொஞ்சம் தேன் என்று ஒரு கிண்ணத்தில் கலக்கிவிட்டான். மேலே எள்ளைத் தூவியதும் கண்டம் முடிந்தது. அதையும் உன் பெண்டாட்டி மருந்து அளப்பது மாதிரி சின்னக் கரண்டியில் அளந்து அளந்து ஊற்றினாள். கோழியைப் பொடியாக நறுக்கி அதில் ஊறவைத்து, சோள மாவில் புரட்டி வறுத்தாள். முட்டைக்கோஸும் கேரட்டும் வினிகரில் ஊறின. முட்டைக்கோஸை அவள் நறுக்கிய லட்சணத்தை நான் எழுதப் போவதில்லை. ஒரு இழை நூல் மாதிரி, ஒரு இழை கயிறு மாதிரி.

எல்லாவற்றையும் மெல்லிய ரொட்டியில் பரப்பி, பாதியாக மடித்து, எண்ணெயில் போட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று எடுக்க வேண்டும். முதலில் போட்டது எண்ணெயில் வாயைப் பிளந்து உள்ளே இருந்ததையெல்லாம் கக்கிவிட்டது. மடிப்பை வெறும் விரலால் அழுத்தினால் நிற்குமா? துணியே நிற்காது. வாயைப் பல்குத்தும் குச்சியால் சேர்த்துக் குத்தச் சொல்கிறான் போன்காரன். இந்த வீட்டில் பல்குத்தும் குச்சிக்கு எங்கே போவது? உன் பெண்டாட்டி பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்த நாளிலிருந்து அது ஈறுக்கு எமன் என்று வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. நீ ஓட்டலிலிருந்து நாலு குச்சியைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டது மறந்திருக்காது.

குண்டூசி இருக்கிறதே என்றேன். மணித் தலை வைத்தது உருகிவிடும் என்று தலையும் இரும்பாக உள்ளதாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தேன். ஊசிகளைக் குத்தி வைக்கும் என் பஞ்சு உருண்டை உனக்குப் பழக்கமானதுதான். ஒன்பது வயதில் பார்க்காமல் அதன் மேல் கையை ஊன்றிவிட்டு, கத்தித் தெருவையே கூட்டினாய். ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். சரி, அதை விடு. அவள் ஊசிகளை எண்ணிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். தலைக்கு இரண்டு வீதம் நாலு பேருக்கு எட்டு. எட்டுக்கு எட்டு ஊசி. நான் மடித்து, குத்தி, நீட்டினேன். அவள் எண்ணெயில் போட்டாள். இந்தத் தடவை ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. ஓரமெல்லாம் ஒரே சீராகச் சிவந்து, தொட்டால் சலசலவென்று சத்தம் கேட்டது. உன்னுடைய கருகல் மாதிரி இல்லை.

கொஞ்சம் ஆறியதும் ஒவ்வொன்றாக ஊசியை உருவிச் சாசரில் போட்டுக்கொண்டு வந்தேன். ஏழு போட்டாயிற்று. எட்டாவது கையில் இருக்கும்போது சின்னவள் கேட்டாள். "அத்தை, நீங்க அப்பாகிட்டப் போயிடுவீங்களா? அங்க பாப்பா வருதாம், அக்கா கடுதாசியப் படிச்சா." பெரியவள் அவளைக் கிள்ளினாள். அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற அவர்கள் அம்மா திரும்பவில்லை, அடுப்பை மட்டும் அணைத்தாள். பிறக்கப்போகிற பிள்ளையை, பிறந்த பிள்ளைகள் களவாகக் கடிதம் பிரித்துத் தெரிந்துகொள்ள வைத்திருக்கிறாய். ரொம்பப் பெருமைதான் உனக்கு. பேசாமல் சாப்பிடு என்று சின்னவளை அதட்டினேன். வேறு என்ன சொல்வது? எனக்கே தெரியாது.

உட்காரும்போது சாசரைப் பார்த்தேன். ஏழுதான் இருந்தது.

சின்னவள் ஒன்றை வாய்க்கருகே கொண்டுபோய்விட்டாள். "ஏழுதானே போட்ட?" என்று உன் பெண்டாட்டியைக் கேட்டேன். "எட்டு அண்ணி, எண்ணித்தான் போட்டேன்" என்றாள். அப்போது என் வாயிலிருந்து வந்ததை உனக்கு எழுதத்தான் வேண்டும். "வீட்ல இருந்த ஒரு ஆளையே பத்திரமா வச்சுக்கத் தெரியல, இவ ஊசிய எண்ணினாளாம்" என்றேன். பிள்ளைகள் எதிரில் சொன்னேன். நீ செய்த வேலைக்கு அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டேன். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் எட்டி, சின்னவள் கையிலிருந்ததைப் பிடுங்கி ஒரு பெரிய தாம்பாளத்தில் போட்டு இரண்டாக உடைத்தாள். பிறகு மீதியையும் உடைத்தாள். மொறுமொறுவென்று வந்ததையெல்லாம் நொறுக்கி, கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்து, முட்டைக்கோஸை இழை இழையாகப் பிரித்தாள். பெரியவளுக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு எதிர்ப் போட்டோ அனுப்பலாம் என்று தட்டெல்லாம் துடைத்து அடுக்கி வைத்திருந்தாள் பாவம். ஊசி இல்லை. நான் ஊசி பொறுக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். அடுப்புக்கு அடியில், மேசைக்கு அடியில், கதவு வரைக்கும் தவழ்ந்தேன். ஒரு கொண்டை ஊசியும் ஒரு சோடா மூடியும் ஒட்டின. குண்டூசி கிடைக்கவில்லை.

எழுந்திருக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தூக்கி நிறுத்தியவள் என் இடது தோளையே பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் அங்கிருந்து எதையோ உருவிச் சாசரில் போட்டாள். டிங் என்றது. எட்டு.

கடையில் அளவு பார்க்கும்போது உருவுகிற ஊசியை ரவிக்கைத் தோளில் குத்திக்கொள்வது என் வழக்கம். சின்னவள் கேட்ட கேள்வியில் கை தன்பாட்டுக்குப் போய்க் குத்திவிட்டிருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் சிரித்திருந்தால் பரவாயில்லை, நானும் ஏதாவது சொல்லிச் சண்டை போட்டு மூக்குடைந்ததை மறைத்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, "அடுத்த தடவ பல்குத்தும் குச்சி வாங்கி வச்சிடறேன் அண்ணி" என்றாள்.

அடுத்த தடவை என்றாள், கேட்டாயா? அதுவும் பல்குத்தும் குச்சி, இந்த வீட்டில். நான் "சரி" என்றேன். அவள் வார்த்தைதான், அப்போதைக்கு எனக்கு அதுதான் அகப்பட்டது.

நொறுங்கினதை நாலு பேரும் ஒரே தாம்பாளத்திலிருந்து அள்ளித் தின்றோம். உப்பு ஒரு சிட்டிகை குறைவு. நான் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அதெல்லாம் எனக்கு வராது. மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த பித்தானைத் தைத்து வைத்தேன். மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருக்கிறேன்.

பெரியவள் கடைசியில் அந்த நொறுங்கலைத்தான் படம் பிடித்து உனக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டாயாம். போனை எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்தாள் தெரியுமா? பெற்ற பெண்ணுக்கு ஒரு கட்டைவிரல். ஒரு வரி எழுதடா. எப்படி இவ்வளவு மொறுமொறுப்பாக வந்தது என்றாவது கேளேன். அவள் சொல்லக் காத்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கெஞ்ச வைக்காதே.

அந்தப் பெண்ணின் வயிற்றிலிருப்பது ஒரு பாவமும் செய்யவில்லை. பிறந்ததும் எழுது. ஆறு சட்டை தைத்து அனுப்புகிறேன், கழுத்து உறுத்தாத மாதிரி. நான் வரமாட்டேன்.

உன் டிக்கெட்டைக் கடைசித் தாளோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன். அதே எட்டாவது குண்டூசிதான், கழுவிவிட்டேன். உன்னை எனக்குத் தெரியும், உறையைப் பிரித்ததும் ஒரு வரிகூடப் படிக்காமல் டிக்கெட்டைத்தான் முதலில் பிடித்து இழுத்திருப்பாய். இந்நேரம் விரலில் ஏறியிருக்கும். வாயில் வைத்துச் சப்பாமல் குழாயடியில் காட்டு. இனிமேலாவது பார்த்துக் கை வை. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உனக்கு அக்கா,
அவளுக்கு அண்ணி.